இறங்கத் தெரிந்த முழங்கால்

மாசி மாதம் வந்தால் எங்கள் பக்கத்து ரயில்களில் ஊன்றுகோல் கூடிவிடும். சுவிஸ் பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டு விடுமுறை விடுகிற மாதம் அது. சூரிச்சிலிருந்தும் பாசலிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மலைக்கு வருவார்கள். சனிக்கிழமை திரும்பிப் போகும்போது பெட்டிக்கு ஒருவராவது எதிர் இருக்கையில் காலை நீட்டி வைத்திருப்பார். நான் கூர் நகரில் இயன்மருத்துவராக இருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் பிசியோ என்று சொன்னால்தான் விளங்கும். டாவோஸ், அரோசா, லென்சர்ஹைடே என்று பெரிய பனிச்சறுக்கு ஊர்கள் சுற்றிவர இருப்பதால் மார்கழி தொடங்கி வைகாசி வரைக்கும் எனக்கு முழங்கால்தான் பிழைப்பு.

வருகிறவற்றில் பெரும்பாலானவை சவ்வு அறுந்த முழங்கால்கள். அவற்றைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரியும், மாமன் மச்சானுக்கு நடந்திருக்கும். எலும்பு முறிந்த முழங்கால் வேறு சாதி. அது அமைதியானது, மெதுவானது, ஆளை ஏமாற்றக்கூடியது. படத்தில் எலும்பு பொருந்திவிட்டது என்று சத்திரசிகிச்சை நிபுணர் கைகுலுக்கி அனுப்பிய பிறகுதான் எங்கள் வேலையின் பெரிய பங்கு தொடங்குகிறது.

இந்த மலைகளில் கால் முறிவதற்கு ஒரு வரலாறு உண்டு. டாவோசின் போல்கன் சரிவில் 1934இல் ஆட்களை இழுத்துக்கொண்டு மேலே போகும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. ஏறுவதற்கே பாதி நாள் போன காலம் மெல்ல முடிந்தது. ஒரே நாளில் பல தடவை இறங்கலாம் என்றானதும் விழுகிறவர்களும் கூடினார்கள். அந்தக் காலத்துக் கட்டுகள் சப்பாத்தைப் பலகையோடு இறுக்கிப் பிடித்திருக்கும். விழும்போது பலகை ஒரு பக்கம் திரும்ப, உடம்பு மறுபக்கம் போக, நடுவில் அகப்பட்ட கீழ்க்கால் எலும்பு முறுகி உடையும். மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். எலும்பு ஒட்டிவிடும், மூட்டு விறைத்துப்போகும், தொடை வற்றிவிடும். 1958இல் பீல் நகரில் மொரிஸ் முல்லர், மார்ட்டின் ஆல்கேவர் முதலிய சத்திரசிகிச்சை நிபுணர்கள் கூடி ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கியதற்கு இந்த விறைத்த கால்களும் ஒரு காரணம். முறிந்த எலும்பைத் தகடும் திருகாணியும் போட்டு உறுதியாகப் பிணைத்துவிட்டு, மூட்டை உடனே அசைக்க விட வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆல்கேவர் அப்போது எங்கள் கூர் மருத்துவமனையில்தான் தலைமை நிபுணர். முறிந்த கீழ்க்கால்களுக்கு இங்கே ஒருநாளும் பஞ்சமிருக்கவில்லை. அடுத்த வருடமே டாவோசில் அவர்களுடைய ஆய்வுகூடம் தொடங்கியது. அவர்கள் அப்படி யோசித்திராவிட்டால் எனக்கு இந்த வேலையில் பாதி இல்லை.

70களுக்குப் பிறகு கட்டுகள் மாறின. விழும்போது சப்பாத்தை விட்டுவிடும் கட்டு பரவியதும் கீழ்க்கால் நடுவில் முறிவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்தக் கட்டு காப்பாற்றக் கற்றது கீழ்க்காலைத்தான், முழங்காலை அல்ல. விறைப்பான உயரச் சப்பாத்து கணுக்காலையும் கெண்டைக்காலையும் பிடித்துக்கொள்வதால் முறுக்கு மேலே ஏறி முழங்காலில் வந்து நிற்கிறது.

நான் சொல்லப்போகும் அண்ணைக்கு முறிந்தது அந்த இடத்தில்தான், வலது காலில். கீழ்க்கால் எலும்பின் தலை தட்டையானது. தொடை எலும்பின் இரண்டு குமிழ்களும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். முழங்கால் உள்பக்கமாக மடங்க, வெளிக்குமிழ் அந்தத் தட்டை இடித்து அமுக்கும். ஓரம் பிளந்துபோகும், நடுப்பகுதி ஈரச் சீமெந்துத் தரையில் குதிக்கால் பதிந்ததுபோல் உள்ளே இறங்கிவிடும். இந்த வகை முறிவுகளை ஷாட்ஸ்கர் என்ற கனடிய நிபுணர் 1979இல் ஆறாகப் பிரித்தார். பிளவும் பள்ளமும் சேர்ந்த இது இரண்டாவது, நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். பள்ளத்தை அடியிலிருந்து தூக்கி, கீழே இடுப்பெலும்புத் துகளோ எலும்புச் சீமெந்தோ நிரப்பி, பக்கத்தில் தகடு வைத்துத் திருகுவார்கள்.

அண்ணை டாவோசில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல். வடமராட்சிக்காரர், 80களின் கடைசியில் வந்தவர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய தலைமுறைக்குப் பனி என்பது வழுக்கி விழாமல் வேலைக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு தொல்லை. என் பெற்றோருக்கும் அப்படித்தான். எங்களைப் பள்ளிக்கூட ஸ்கீ முகாமுக்கு அனுப்பும்போது அம்மா ஏதோ போர்க்களத்துக்கு அனுப்புகிறவள் மாதிரி நின்றாள். அண்ணையோ தன் மகள் முகாமிலிருந்து வந்து துள்ளியதைப் பார்த்து, நாற்பது வயதுக்கு மேல் தானும் போய்ப் பழகியவர். குசினியில் மத்தியானத்துக்கும் இரவுக்கும் இடையில் கிடைக்கிற ஓய்வில் ஓடிப்போய் இரண்டு தரம் ஸ்கீ ஓடிவிட்டு வந்து வெங்காயம் வெட்டுவார்.

விழுந்ததும் வேகத்தில் அல்ல. பின்னேரம் மூன்றரை மணி. வெயிலில் இளகிய பனி, களைத்த தொடை. கிட்டத்தட்ட நின்றுவிட்ட நேரத்தில் பலகையின் உள்விளிம்பு சிக்கி, மெதுவாகச் சாய்ந்திருக்கிறார். மெதுவாக விழும்போது கட்டு பல தடவை திறக்காது. “சும்மா விழுந்தனான் தங்கச்சி, எழும்பலாம் எண்டுதான் நினைச்சன்” என்றார். இந்த வாக்கியத்தை எத்தனையோ மொழிகளில் கேட்டிருக்கிறேன்.

சம்பளத்தைப் பற்றித்தான் அவருக்கு முதல் கவலை. சுவிசில் வேலை செய்கிறவருக்கு விடுமுறையில் நேர்ந்த விபத்துக்கும் காப்புறுதி உண்டு. வாரம் 8 மணித்தியாலமாவது ஒரே முதலாளியிடம் வேலை செய்தால் போதும். விபத்துக்கு அடுத்த மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 சதவீதம் வரும். பிசியோவுக்கு ஒரு மருந்துச் சீட்டில் 9 அமர்வு. இதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவர் தன் காலையே பார்த்தார்.

முதல் ஆறு கிழமைகளுக்கு அந்தக் காலில் 15 கிலோவுக்கு மேல் பாரம் போடக்கூடாது என்று எழுதியிருந்தது. பதினைந்து கிலோ என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே எங்களிடம் பழைய முள் தராசு ஒன்று இருக்கிறது. நல்ல காலை அதே உயரப் பலகையில் வைத்து, முறிந்த காலைத் தராசில் வைக்கச் சொன்னேன். முள் 32க்குப் போனது. பயந்து எடுத்தார், 6. மறுபடி வைத்தார், 28. பிறகு ஊன்றுகோலைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பதினைஞ்சு எண்டால் எங்கட குசினியில வாற வெங்காயச் சாக்கில முக்கால்வாசி. இப்ப விளங்குது” என்றார். கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தார். முள் 15ஐத் தொட்டு ஆடி நின்றது. கையால் நிறை அறிந்த மனிதர் காலாலும் அறிந்துகொண்டார். மற்றவர்களுக்கு இதற்கே பல நாள் எடுக்கும்.

தமிழ் நோயாளிகள் எல்லோரும் முதலில் கேட்பது, “திரும்பவும் சம்மணம் போட்டு இருக்கலாமோ?” என்பது. கோயிலில் நாற்காலியில் இருக்க வெட்கம். மடக்குவதில்தான் எல்லோருக்கும் கண். எனக்கோ முதலில் வேண்டியது நீட்டுவது. முழங்கால் முழுக்க நீளாவிட்டால் நடை கோணும், தொடைத்தசை வேலை செய்யாமல் விட்டுவிடும். அந்தக் கடைசி ஐந்து பாகையைப் பிற்பாடு மீட்பது பெரும்பாடு. ஆனால் வீட்டில் அன்புள்ள மனைவி என்ன செய்வார்? நோகுதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார். அந்தத் தலையணையை ஒழிப்பதற்கு நான் போனில் கதைத்த கதைகளை ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம். துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்கு அடியில் வை, முழங்கால் வெறுமையில் தொங்கட்டும், தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அமுக்கு. பார்த்தால் ஒன்றுமே செய்யாதது மாதிரி இருக்கும் இந்தப் பயிற்சிதான் முதல் மாதத்தின் முக்கால்வாசி. மடக்குவது 110 பாகை அளவுக்கு வந்ததும் நிலைச் சைக்கிள். இதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு நான் நோவை மட்டும் நம்புவதில்லை. வீக்கத்தைத்தான் கேட்பேன். இன்றைக்குச் செய்த வேலை நாளைக் காலையில் முழங்காலைக் குண்டாக்கினால் அது அளவு மீறிய வேலை. நோகவில்லை என்று சொன்னாலும் சரி. வீங்கிய மூட்டு தொடைத்தசையை மௌனமாக நிறுத்திவிடும், ஆளுக்கே தெரியாது. முழங்கால் சில்லிலிருந்து 15 சென்ரிமீற்றர் மேலே அளவுநாடா பிடித்தபோது அண்ணையின் வலது தொடை இடதைவிட 4 சென்ரிமீற்றர் மெலிந்திருந்தது. குசினியில் ஒரு நாளில் பத்து மணித்தியாலம் நின்ற தொடை அது.

வைகாசிக் கடைசியில் படம் எடுத்துப் பார்த்து, முழுப் பாரமும் போடலாம் என்றார்கள். ஊன்றுகோல் இல்லாமல் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். வரவேற்பில் இருந்த பெண் கைதட்டினாள். நான் தட்டவில்லை. இங்கேதான் என் தொழிலில் நான் பிடிவாதக்காரி: ஒருவர் எப்படி ஏறுகிறார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை, எப்படி இறங்குகிறார் என்றுதான் பார்ப்பேன். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. நல்ல காலும் கைப்பிடியும் சேர்ந்து உதவி செய்யும், ஏமாற்றலாம். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். முறிவுக்குப் பிறகு கடைசியாகத் திரும்பி வருவது இந்தப் பிடிதான். ஸ்கீ ஓடுவது என்றால் மேலிருந்து கீழ்வரை இந்த ஒரே வேலையை விடாமல் செய்வது. ஏறுவதை லிஃப்ட் பார்த்துக்கொள்ளும்.

அதனால் இருபது சென்ரிமீற்றர் உயரப் பலகை ஒன்று எங்கள் அறையின் நடுவில் எப்போதும் கிடக்கும். அதன்மேல் முறிந்த காலில் நின்று, நல்ல காலின் குதியை முன்னால் மெதுவாகத் தரையில் தொட வேண்டும். தொட்டு, பாரம் போடாமல் மறுபடி மேலே. நான் அருகில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். சத்தம் கேட்கக்கூடாது. பலவீனமான தொடை கடைசி இரண்டு மூன்று சென்ரிமீற்றரில் கைவிட்டுவிடும், குதி ‘தொப்’ என்று விழும். கண்ணைத் திறந்தால் முழங்கால் உள்ளே சரிவதும் இடுப்பு ஒரு பக்கம் தாழ்வதும் தெரியும். அண்ணைக்கு ஆனி முழுக்க ‘தொப்’தான். “தங்கச்சிக்கு என்ர சத்தம் பாடமாப் போச்சு” என்பார். ஆடி நடுவில் ஒரு நாள் சத்தம் நின்றது. பலகையை அவரே காலால் தள்ளி, உயரமானதை இழுத்துப் போட்டார்.

முழங்கால் நொந்தவர்களுக்கு இங்கே ஒரு பழைய அறிவுரை உண்டு: மலையில் நடந்து ஏறு, கேபிள்காரில் இறங்கு. ஸ்கீக்குத் திரும்ப ஆசைப்படுகிறவர்களை, எலும்பு உறுதியான பிறகு, நான் மறுபுறமாக அனுப்புவேன். கேபிள்காரில் ஏறி, இரண்டு கைகளிலும் தடி பிடித்து, கால்மணி நேரம் இறங்கி, இடைநிலையத்தில் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். கிழமைக்குக் கிழமை இறக்கம் நீளும். ஆவணி, புரட்டாதி இரண்டும் அண்ணைக்கு இப்படித்தான் போயின. போகிற வழியில் அவர் காளான் பொறுக்கினார்; அது என் திட்டத்தில் இல்லாத, முழங்காலுக்கு நல்ல பயிற்சி.

ஐப்பசியில் அளவெடுத்தோம். ஒற்றைக்காலில் நாற்காலியிலிருந்து எழும்புதல், பக்கவாட்டில் தாவி நிற்றல் என்று வழக்கமான சோதனைகள். முறிந்த கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்டினால் சரி என்று பலர் கணக்குச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் முழு நம்பிக்கை இல்லை. எட்டு மாதம் ஓய்ந்திருந்தது நல்ல காலும்தானே. இரண்டு தளர்ந்த கால்கள் ஒன்றையொன்று அழகாக ஒத்துப்போகும். நான் களைத்த பிறகும் ஒருதரம் அளப்பேன். சைக்கிளில் இருபது நிமிடம் ஓடவிட்டு அதே பலகையில் ஏற்றுவேன். மலையில் விழுவது காலையில் அல்லவே.

எல்லோரும் திரும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குருத்தெலும்பு நொறுங்கியவர்களுக்கு, மேற்பரப்பில் படி விழுந்தவர்களுக்கு, தேய்மானம் சில வருடங்களில் வந்துவிடலாம். பிராட்டிகாவ் பள்ளத்தாக்கில் ஒரு பால்பண்ணைக்காரர், குழந்தைப் பருவத்திலிருந்து ஓடியவர், சோதனையெல்லாம் வென்றுவிட்டுக் கார்த்திகையில் பலகைகளை விற்றுவிட்டார். மாடுகளுக்குப் பிசியோ இல்லை என்றார். அவருடன் நான் வாதாடவில்லை. இன்னும் சிலர் ஸ்கீ பந்தயக்காரி லிண்ட்சி வான் கதையோடு வருவார்கள். 2013இல் ஷ்லாட்மிங்கில் விழுந்து சவ்வுகளோடு இதே எலும்புத் தலையும் முறிந்தவர். அதே வருடக் கடைசியில் பந்தயத்துக்குத் திரும்பி, மறுபடி காயப்பட்டு, 2014 சோச்சி ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். 2018இல் பியோங்சாங்கில் வெண்கலம் வாங்கினார். அவசரக்காரர் இதில் வெண்கலத்தை எடுத்துக்கொள்வார், பயந்தவர் சோச்சியை எடுத்துக்கொள்வார். முழுநேரமும் ஒரு குழு பின்னால் நிற்கிற பந்தயக்காரியின் முழங்காலை வைத்து, குசினிக்குத் திரும்ப வேண்டிய ஒருவருக்கு நாள் குறிக்க முடியாது.

கட்டைத் திருத்தாமல் பனிக்குப் போகவிட மாட்டேன். கடையில் ஆளின் நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், ஓடும் விதம் ஐந்தையும் கேட்டு, அட்டவணை பார்த்து இலக்கம் வைப்பார்கள். வயது ஐம்பதைத் தாண்டினால் ஒரு படி இறங்கும். விபத்துத் தடுப்பு நிறுவனமான பிஎஃப்யூ வருடாவருடம் இதைச் சோதிக்கச் சொல்கிறது. ஆண்கள் அநேகர் ஓடும் விதத்தில் தங்களை ஒரு படி உயர்த்திச் சொல்வார்கள், அதனால் கட்டு இறுகும். அண்ணையுடன் நானே கடைக்குப் போனேன். பையன் கேட்டதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “மெதுவா ஓடுறவர் எண்டு எழுதச் சொல்லுங்கோ” என்றேன். அவரே நல்ல ஜெர்மனில் அதைச் சொன்னார், முகம் மட்டும் நன்றாக இல்லை.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை, பத்து மணிக்கு முன்னால், டாவோசில் போல்கன் சரிவில் நின்றோம். இரவு இயந்திரம் வாரிவிட்ட பனி, வரி வரியாக, கடினமுமில்லை இளகலுமில்லை. இப்படிப்பட்ட நேரம் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம்கூடக் கிடைக்காது. புதிதாகத் திரும்புகிறவர்கள் பலகை நுனிகளைச் சேர்த்து ஆப்பு வடிவில் இறங்குவதுதான் பத்திரம் என்று நினைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த நிலையில் முழங்கால் உள்ளே சாய்ந்து, முறிந்த வெளிப்பக்கத்திலேயே பாரம் ஏறும். அதனால் முதலில் குறுக்கே நின்று, விளிம்பை விட்டு விட்டுப் பக்கவாட்டில் வழுக்கினோம். விடு, பிடி, விடு, பிடி. அறையில் பலகையில் செய்த அதே வேலை.

பிறகு அவரை முன்னால் விட்டு நான் பின்னால் வந்தேன். கீழே நின்று திரும்பி, அவருடைய தடத்தை அவருக்கே காட்டினேன். வலது பக்கம் திரும்பிய இடமெல்லாம் வட்டம் அழகாக விழுந்திருந்தது. இடது பக்கம் திரும்பிய இடங்களில் தடம் அகன்று, வாரிய வரிகள் அழிந்து, அலம்பிக் கிடந்தது. திருப்பத்தில் பாரத்தைத் தாங்குவது வெளிப்பக்கக் கால். இடப்பக்கம் திரும்பும்போது அது வலது கால். மாதக்கணக்கில் ‘தொப்’ இல்லாமல் இறங்கப் பழகிய கால்தான், இருந்தும் அவர் அதை நம்பி நிற்காமல் உடம்பை உள்ளே சாய்த்துவிட்டார். தொடை தயாராகத்தான் இருந்தது. அதை நம்பி நிற்பதற்கு எங்கள் அறையில் பயிற்சி கிடையாது. இடது திருப்பத்தில் உள்காலின் பலகையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். தூக்கினால் வலது காலில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

“விழுந்தால்?”

“வலப்பக்கம் நல்லாத்தானே திரும்புறியள் அண்ணை. அங்க எந்தக் காலில நிக்கிறியள் எண்டு யோசிச்சுப் பாத்தியளோ?”

யோசித்தார். பதில் சொல்லாமல் நாற்காலி லிஃப்ட் பக்கம் போனார். அடுத்த தடவை இடது திருப்பத்தில் பலகை ஒரு சாண் எழும்பியது. அதற்கடுத்த தடவை தடம் இன்னும் கோணல்தான், ஆனால் வரிகள் பாதி மிச்சமிருந்தன. பதினொன்றரைக்கு அவர் தொடையில் கைவைத்துப் பார்த்தேன், நடுங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒன்று ஓடுவோம் என்று கேட்டவரை மறித்தேன். மலையில் யாரும் கடைசித் தடவை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, அதற்குப் பிறகுதான் விழுவார்களாம். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கையில்லை. களைத்த தொடையில் உண்டு. சப்பாத்தின் கொளுக்கிகளைக் கழற்றிக்கொண்டே, நாளைக் காலையில் வீக்கம் பார்த்துப் போன் பண்ணச் சொன்னேன்.

வீக்கம் இல்லை. பங்குனிக்குள் ஓய்வு நேரத்தில் பழையபடி போய் வரத் தொடங்கினார், மூன்று மணிக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. சப்பாத்தின் மேல் விளிம்பு தகட்டின் கீழ் நுனியில் அழுத்துவது மட்டும் அவருக்கு உறுத்தலாக இருந்தது. கழற்றலாம் என்று நிபுணர் சொல்லிவிட்டார். திருகாணி எடுத்த துளைகள் நிரம்பும்வரை எலும்பு கொஞ்சம் பலவீனமாக இருக்கும், அதனால் பனிக்காலம் முடிந்து செய்வதுதான் புத்தி. ஈஸ்டர் கழிந்ததும் ஹோட்டலைச் சில கிழமைகளுக்குப் பூட்டுவார்கள், லீவும் பிரச்சினையில்லை என்றேன்.

“சித்திரை வருஷம் முடியட்டும் தங்கச்சி. கோயிலில அண்டைக்கு நானூறு பேருக்குச் சமையல் என்ர பொறுப்பு. ஒரு நாள் முழுக்க நிக்கவேணும்.”

சரி, சித்திரைக் கடைசி என்று எழுதிக்கொண்டேன்.